மொட்டின் பெயர் காணோம்

அத்தியாயம் 9

அக்காவின் இடது மணிக்கட்டை அவள் புருஷன் உடைத்தது குளியலறைக் கதவின் இடுக்கில் வைத்து. கையைப் பிடித்து நிலைப்படியில் வைத்துக் கதவைச் சாத்தினான். பிறகு கதவின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, நிதானமாகத் தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

ஊரெல்லாம் கண்காணிப்புக் கேமரா மாட்டிக் கொடுப்பவன் அவன். அதனால் நம் கதையில் அவன் பெயர் கேமராக்காரன். அவன் வீட்டுச் சமையலறையில்கூட ஒரு கேமரா உண்டு. அக்கா வெங்காயம் நறுக்கினாளா, ஜன்னலோரம் நின்றாளா என்பதை அவன் கடையில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடுவான். மின்சாரம் போய் எல்லாக் கேமராக்களும் கண்ணை மூடிய ஒரு முற்பகலில்தான் அக்கா குழந்தையோடு வெளியேறினாள். போன வாரம் அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நாம் விடைபெற்றோம்.

அக்கா கையில் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பை. ஐந்து வயது மகள் மொட்டு எடுத்துக்கொண்டது, டிவியின் பின்னால் செருகியிருந்த, இணையத்தில் படம் காட்டும் ஸ்டிக். தனக்குப் பிரியமான கார்ட்டூன் 'கப்பல் முயல்' அதற்குள்தான் குடியிருக்கிறது என்பது அவள் நம்பிக்கை. வழி நெடுக அதைக் காதில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வந்து சேர்ந்த இடம் தம்பி வீடு. புது வேலை, புது ஊர், குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முகவரி கேமராக்காரனுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் அக்கா நான்கு நாளாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஆனால் அவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடியும் படிதான். "வீட்லயாவது வேலை இல்லாம இருக்கட்டுமே" என்பான்.

அவன் மனைவிக்கு பேக்கரியில் வேலை. கிழக்கு வெளுக்கும் முன்பே போய் மாவு பிசைய ஆரம்பித்தால், மற்றவர்கள் ஆபீஸுக்குப் போகும் நேரத்தில் அவள் வீடு திரும்புவாள். தம்பி அவளை 'ரொட்டிக்காரி' என்றுதான் கூப்பிடுவான். அவளுக்கு அக்கா வந்ததில் வருத்தமில்லை. எப்போது போவாள் என்று யாரும் வாய் திறக்காததில்தான் வருத்தம்.

அன்று காலை அவள் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, மொட்டு ஹால் தரையில் குப்புறப் படுத்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"முயல் செத்துப் போச்சு அத்தை!"

அக்கா ரிமோட்டை ஒற்றைக் கையில் வைத்துக்கொண்டு டிவியையே பார்த்திருந்தாள். "நேத்து சாயங்காலம்கூடப் பாத்தா. இப்ப அந்தப் படத்தையே காணோம். அவளோட பக்கத்தையே காணோம். மொட்டுன்னு பேர் போட்டு, முயல் தலை வச்சிருக்குமே... அது இல்ல."

ரொட்டிக்காரிக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. நாளைக்குப் போட வேண்டிய வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுவிட்டுப் படுத்தால் போதும் என்றிருந்தது. பெட்டியைச் சூடேற்றி வைத்துவிட்டு, "குடுங்க அண்ணி, நான் பாக்கறேன்" என்று ரிமோட்டை வாங்கினாள். இந்த அழுகை நின்றால்தான் அவளுக்குத் தூக்கம்.

ஸ்டிக்கைப் பிடுங்கி மறுபடி செருகினாள். முயல் வரவில்லை. வைஃபையை அணைத்துப் போட்டாள். அப்டேட் ஏதாவது பாக்கியிருக்கிறதா என்று பார்த்தாள். தேடும் இடத்தில் 'கப்பல்' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். போர்க் கப்பல் வந்தது, மூழ்கிய கப்பல் வந்தது, முயலின் கப்பல் மட்டும் வரவில்லை.

"அம்மா வீட்டுக்குப் போயிருந்தா இவளுக்கு ஓடியாட ஒரு முற்றமாவது இருந்திருக்கும்" என்றாள், ரிமோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். குத்திக்காட்ட நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் குத்தியது.

அக்கா குனிந்து மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு, "போனேன்மா. மூணு தடவை போனேன். மூணு தடவையும் அம்மாவே கூட வந்து பஸ் ஏத்திவிட்டாங்க. கடைசித் தடவை போனப்ப என் காதுல ரத்தம் வந்துட்டிருந்தது. பஞ்சு வச்சு ஏத்திவிட்டாங்க" என்றாள்.

ரொட்டிக்காரி நிமிர்ந்து நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். இந்த நான்கு நாளில் அவள் அந்த முகத்தைச் சரியாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இருங்க அண்ணி. ஹெல்ப்லைனுக்குப் போட்டுக் கேட்டுடுவோம்" என்றாள். குரலில் இருந்த சலிப்பு போயிருந்தது.

பாட்டெல்லாம் கேட்கவைத்த பிறகு ஒரு பெண் குரல் வந்தது. "உங்க சிரமத்துக்கு வருந்துறோம் மேடம். எந்த ப்ரொஃபைல்ல பாக்கறீங்க?"

"குழந்தையோட ப்ரொஃபைல். அதுதாங்க காணோம்."

"அது தானா போகாது மேடம். யாராவது எடுத்திருந்தாத்தான் போகும். இந்த அக்கவுண்ட்டை வேற யாராவது பயன்படுத்தறாங்களா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அக்காவின் வலது கை தானாக இடது மணிக்கட்டின் மாவுக் கட்டைத் தடவியது.

"இது யார் பேர்ல இருக்குங்க?" என்று ரொட்டிக்காரி அவளைக் கேட்டாள்.

"அவர் பேர்ல" என்றாள் அக்கா.

"செட்டிங்ஸ் போங்க மேடம். அக்கவுண்ட்டுக்குள்ள போங்க. 'இணைந்திருக்கும் கருவிகள்'னு ஒண்ணு இருக்கும், திறங்க. யார் யார் எங்கிருந்து பாக்கறாங்கன்னு அதுலயே காட்டும்."

திறந்தாள். இரண்டே வரி. முதல் வரியில் ஹால் டிவி, பக்கத்தில் இந்த ஊரின் பெயர். நான்கு நாளாக மொட்டு டிவியைப் போடும்போதெல்லாம் இந்த ஊரின் பெயர் அவனுக்கு அங்கே தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

இரண்டாவது வரி, அவனுடைய போன். அதன் பக்கத்திலும் இதே ஊரின் பெயர். அதற்குக் கீழே 'இப்போது' என்று இருந்தது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

ரொட்டிக்காரி அழைப்பைத் துண்டித்தாள். ஓடிப்போய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். புருஷனுக்குப் போன் அடித்தாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் அவன் எங்கோ ஒரு லிஃப்ட்டின் குழிக்குள் நிற்பான், போன் மேலே பைக்குள் கிடக்கும். "அவர் ஊருக்குள்ள வந்துட்டார். சீக்கிரம் வா" என்று செய்தி அனுப்பிவிட்டு போலீஸுக்கு அடித்தாள்.

அக்கா சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். "அவரேதான் எடுத்திருக்கார். குழந்தை அழுவான்னு தெரிஞ்சே எடுத்திருக்கார்."

அப்போது டிவி தானாக முதல் பக்கத்துக்குத் திரும்பியது. மொட்டின் பெயர் இருந்த காலி இடத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. கீழே எழுத்துகள் தோன்றின.

எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த மொட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தாள். "அப்... பா. அப்பா கீழே! அம்மா, அப்பா கீழேன்னு போட்டிருக்கு!"

ரொட்டிக்காரி ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். வாசலில் ஒரு கார் நின்றது. உள்ளே ஆள் இல்லை.

ஒரு கையிலிருந்த போனில் போலீஸ்காரரின் குரல் "முகவரி சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவள் தெருப் பெயரைச் சொல்லிக்கொண்டே அக்காவைத் தூக்கி நிறுத்தினாள். இரண்டு பேரும் மேசையை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்று திரும்பினார்கள்.

அதற்குள் வெளியிலிருந்து, தேன் தடவிய குரல் ஒன்று கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"மொட்டு! முயல் இப்ப அப்பா போன்லதான் இருக்கு. கொண்டாந்திருக்கேன். திறடா செல்லம்."

குழந்தை பந்து மாதிரி ஓடினாள். "வேண்டாம்டி!" என்று அக்கா அலறியது தாழ்ப்பாள் விலகிய சத்தத்தோடு சேர்ந்தே கேட்டது.

ரொட்டிக்காரி பாய்ந்து கதவின் மேல் தோளைக் கொடுத்தாள். மாவு மூட்டை தூக்கிப் பழகிய தோள்தான். ஆனால் அவன் ஏற்கனவே காலை உள்ளே வைத்துவிட்டான். ஒரே தள்ளில் கதவின் விளிம்பு அவள் நெற்றியில் மோதியது. கண்ணில் ரத்தம் வழிய அவள் தரையில் சரிந்தாள்.

கேமராக்காரன் கத்தவில்லை. எப்போதுமே அவன் சத்தமில்லாமல் அடிப்பவன். உள்ளே வந்து, பின்பக்கமாகக் கதவைக் காலால் சாத்திவிட்டு, போனைப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அக்காவிடம் போனான்.

"கிளம்பு" என்றான்.

"வரமாட்டேன்."

அடி காதோடு சேர்ந்து விழுந்தது. அக்கா டிவி மேசை மேல் சரிந்தாள். அவன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, தலையைத் தூக்கித் திரையில் மோதினான். கண்ணாடி விரிசல் விட்டது. மறுபடி மோதினான். திரை கறுப்பாகி, அதன் ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம் துடித்தது. அவள் தரையில் விழுந்ததும் விலாவில் உதைத்தான். ஒரு வேலையை முடிப்பவன் மாதிரி, இடம் பார்த்து, அவசரப்படாமல் உதைத்தான்.

"அடிக்காதப்பா! முயல் வேண்டாம்ப்பா! எனக்கு முயலே வேண்டாம்!" மொட்டு அவன் காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள்.

அந்தக் குரல்தான் ரொட்டிக்காரியை எழுப்பியது. சுவரைப் பிடித்து எழுந்தாள். ஒரு கண்ணில் ரத்தம், மறு கண்ணில் கோட்டும் பெட்டியும் தெரிந்தன. இஸ்திரிப் பெட்டியை வயரோடு பிடுங்கி எடுத்து, அவன் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் வைத்து அழுத்தினாள்.

இப்போது அவன் கத்தினான். சட்டை பொசுங்கித் தோலோடு ஒட்டிய வாடை அறை முழுக்க எழுந்தது.

திரும்பி, முஷ்டியால் அவள் வாயிலேயே குத்தினான். பல் ஒன்று தரையில் போய் விழுந்தது. அவள் பெட்டியை விடவில்லை. அவன் அவள் கையை முறுக்கி அதைப் பிடுங்கி எறிந்தான். அது ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. அவளை இரண்டு கையாலும் தூக்கிச் சமையலறை வாசலில் வீசினான்.

"உன் வீடுன்னதும் என் மேல கை வைக்கத் தைரியம் வந்துடுச்சா?" என்று அவளைப் பார்த்து மூச்சிரைத்தான். பிறகு யாரையும் பார்க்காமல் குழந்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினான்.

படிக்கட்டில் மொட்டின் அழுகை இறங்கிப் போவது கேட்டது.

அக்கா எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று பின்னால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஒரு விலா உடைந்திருந்தது. அது மருத்துவமனையில்தான் தெரிந்தது. படிகளில் ஓடினாளா விழுந்தாளா என்று தெரியாமல் முதல் திருப்பத்தில் அவனைப் பிடித்தாள். பிடித்ததும் அவன் முன்கையில் பல்லைப் பதித்தாள்.

அவன் அவள் கட்டுப் போட்ட கையைப் பிடித்து இரும்புக் கைப்பிடியில் அடித்தான். கட்டு பிளந்தது. அவள் கண் இருண்டது. தாடையை மட்டும் திறக்கவில்லை. வாய்க்குள் அவன் ரத்தம் நிறைந்தது. இன்னொரு தடவை அடித்தான். அப்போதும் திறக்கவில்லை.

மேலேயிருந்து ரொட்டிக்காரி தடுமாறி வந்து குழந்தையின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அவன் பிடி தளர்ந்தது. மொட்டு அத்தையின் கழுத்தில் தொங்கினாள்.

"மேல போம்மா, அவளைத் தூக்கிட்டு மேல போ!" என்று அக்கா கத்தினாள்.

கேமராக்காரன் ஒரு படி கீழே நின்றான். ஒரு கை அக்காவின் முடியில். "உன்னைக் கொன்னு போட்டுட்டுத்தான் அவளைத் தூக்கிட்டுப் போவேன்" என்றான். மறு கை அவள் தொண்டையைப் பிடித்து இறுக்கியது.

அக்காவுக்கு மூச்சு நின்றது. அவன் தோளுக்குப் பின்னால் படிகள் வரிசையாக இறங்குவது தெரிந்தது. கடைசியில் சிமெண்ட் தளம், சுவரின் முனை. எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்துவிட்டு நல்ல கை, உடைந்த கை இரண்டையும் அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள்.

அவன் விழும்போது அவள் முடியில் ஒரு கொத்து அவன் விரல்களோடு போயிற்று. தலை சுவர் முனையில் மோதிய சத்தம் மேல்மாடி வரை கேட்டதாக அக்கம்பக்கத்தார் பிறகு சொன்னார்கள்.

கட்டடமே அமைதியானது. அதன் பிறகுதான் ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

தம்பி வந்தபோது அவன் கைகளில் கிரீஸ் காயாமல் இருந்தது. கீழ்த் திருப்பத்தில் ரத்தக் குட்டையில் கிடந்த மாமாவைப் பார்த்தான். மேலே, படியில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தான். காலை ஓங்கி, கிடந்தவனை ஓர் உதை விட்டான். அடுத்த உதைக்குக் கால் எழும்பும்போது ரொட்டிக்காரி அவனைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம். மூச்சு இருக்கு. அதை நீ எடுத்துட்டு ஜெயிலுக்குப் போகாத. இங்க மூணு பேர் இருக்கோம் உனக்கு."

வாயில் துண்டை அழுத்தியிருந்ததால் பாதி வார்த்தைகள்தான் புரிந்தன. அது போதுமானதாக இருந்தது. தம்பி படியில் உட்கார்ந்து, கிரீஸ் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டபோது ரொட்டிக்காரி அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "கால் தவறி விழுந்துட்டாருன்னு சொல்லிடுவோம் அண்ணி. நானும் அதையேதான் சொல்வேன்."

அக்கா மொட்டின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கேமராக்காரனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோன பிறகு, போலீஸ் அதிகாரியாக வந்த பெண் படியிலேயே அவர்கள் எதிரே குந்தினாள். "எப்படி விழுந்தார்?"

"கால் தவறி..." என்று ரொட்டிக்காரி ஆரம்பித்தாள்.

"இல்லைங்க" என்றாள் அக்கா. "நான் தள்ளினேன்."

"அண்ணி!"

"சும்மா இரும்மா. கால் தவறி விழுந்தேன்னு நான் எத்தனை டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? பாத்ரூம்ல வழுக்கிடுச்சு, மாடிப்படில வழுக்கிடுச்சு, கதவுல இடிச்சுக்கிட்டேன். எழுதறவங்களுக்கும் அது பொய்ன்னு தெரியும். அவருக்காக அதே பொய்யை இன்னொரு தடவை என்னால சொல்ல முடியாது." அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "என் கழுத்தை நெரிச்சார். பின்னாடி படி இருக்குன்னு தெரிஞ்சேதான் தள்ளினேன். எங்க வேணாலும் வந்து சொல்றேன். அதோட சேர்த்து முன்னாடி நடந்ததையும் சொல்வேன். எல்லாத்தையும் எழுதிக்கறீங்களா?"

அதிகாரி அவள் கழுத்தில் கன்றியிருந்த விரல் தடங்களை ஒரு நிமிஷம் பார்த்தாள். "எழுதிக்கறேன். முதல்ல உங்களுக்கு டாக்டர். அப்புறம் ஸ்டேஷன். அவர் கண் முழிக்கறதைப் பொறுத்து என் மேலதிகாரி என்ன சொல்வாரோ, அது என் கையில இல்ல." எழுந்திருக்கும்போது கேட்டாள்: "இந்த வீடு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அவர் அக்கவுண்ட்ல ஓடற டிவி ஸ்டிக்தாங்க காட்டிக் குடுத்துடுச்சு" என்றாள் ரொட்டிக்காரி.

"அது ஊர் பேரைத்தாம்மா காட்டும். தெரு, மாடி, கதவெல்லாம் அதுக்குத் தெரியாது."

அக்கா ஒற்றைக் கையால் கைப்பிடியைப் பிடித்து இறங்க ஆரம்பித்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரொட்டிக்காரி பின்னால் போனாள்.

தம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு வருவதற்காக மேலே ஏறினான். முதல் திருப்பத்தில் அவன் காலடியில் ஏதோ அதிர்ந்தது. கைகலப்பில் சட்டைப் பையிலிருந்து தெறித்து விழுந்த கேமராக்காரனின் போன். திரை உடைந்திருந்தாலும் யாரோ கூப்பிடுவது தெரிந்தது. 'மாமியார்' என்று இருந்தது.

தம்பி அதை எடுத்துக் காதில் வைத்தான். பேசவில்லை.

"மாப்பிள்ளை? போய்ச் சேந்துட்டீங்களா?" பழகிய குரல். தாலாட்டுப் பாடிய குரல். "மூணாவது மாடி, இடது கைப்பக்கக் கதவு. நான் சொன்னது சரியா இருந்துச்சா? நீங்களே ஊரைக் கண்டுபிடிச்சுட்டு வந்து கேட்டப்புறம் மறைக்க மனசு வரல. கூட்டிட்டுப் போயிடுங்க. கொஞ்சம் முரண்டு பிடிப்பா, அது அவ சுபாவம்."

மூச்சு வாங்கிக்கொண்டு அந்தக் குரல் இன்னும் தாழ்ந்தது.

"கோவத்துல கை நீண்டாலும் முகத்துல மட்டும் அடிச்சுடாதீங்க மாப்பிள்ளை. நாலு பேர் பாக்கற முகம்."

கீழே வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா ஏறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றான் தம்பி. "நான் பேசறேன்."

மறுமுனையில் பேச்சு நின்றது. ஆனால் அவள் போனை வைக்கவில்லை.